ஆரஞ்சுத் தோலுக்காகப் பேசிய ஏழு நிமிடம்

பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் டாக்டர், பத்து நிமிடத்தில் மாஸ்க்குக்குள் ஏறும் இந்த மருந்துப் புகை தீர்ந்துவிடும், தீர்ந்ததும் வந்து அம்மாவின் முதுகில் குழல் வைத்துக் கேட்பார், கேட்டுவிட்டு அதே கேள்வியைத் திரும்பவும் கேட்பார், அந்தப் பழுப்பு நிற இன்ஹேலரைத் தினமும் காலையும் மாலையும் எடுக்கிறீர்களா என்று, அம்மா முதல் தடவை தலையாட்டியது போலவே திரும்பவும் தலையாட்டுவாள், அது பொய், அது பொய் என்று எனக்குத் தெரிந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. முதல் மருந்துப் புகை முடிந்து இரண்டாவதை மாட்டுவதற்கு முன், டாக்டர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்த அந்த இடைவெளியில், அம்மா மாஸ்க்கை விரலால் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாணி. டாக்டர்கிட்ட... வாயத் தொறக்காத." எதைப் பற்றி என்று நான் கேட்பதற்குள் அடுத்த மூச்சைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். "அந்தப் பழுப்பு பம்ப... நிறுத்தி பத்து வாரமாச்சி." ஏம்மா என்றேன், ஏம்மா என்பது கத்தலாகத்தான் வந்தது, திரைக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்த ஆள் இருமலை நிறுத்தினார், அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள், தெரிந்த பதிலை ஏன் கேட்கிறாய் என்பது போல. "நீதான சொன்ன." நீதான சொன்ன. நானா, நான் எப்போது சொன்னேன், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பம்ப் அடித்தாயா பம்ப் அடித்தாயா என்று உயிரை எடுப்பவள் நான், நீல நிறம் மூச்சு முட்டும்போது மட்டும், பழுப்பு நிறம் முட்டினாலும் முட்டாவிட்டாலும் தினமும் என்று குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியவள் நான், பயோமெடிக்கல் மூன்றாம் ஆண்டு, மூச்சுக்குழாயின் குறுக்குவெட்டை எந்தத் தாளிலும் பார்க்காமல் வரைவேன், நான் சொன்னேனாம். வாயைத் திறந்துவிட்டேன், ஆதாரம் கேட்கத் திறந்த வாய், எப்போ, எங்கே, யார் சாட்சி என்று கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், கேட்கும் முன்பே ஞாபகம் வந்துவிட்டது, ஜனவரி, மண்டபம், இரண்டாவது வரிசை, தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்து நிறச் சேலையில் அம்மா. அதற்குள் டாக்டர் திரும்பி வந்து மருந்தை ஊற்றி மாஸ்க்கைச் சரிசெய்து பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், இப்போது புஸ்ஸென்ற அந்தச் சத்தம் மட்டும்தான், அம்மாவின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபடுகிறது, யாரோ உள்ளிருந்து தோலைப் பிடித்து இழுப்பது போல, விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப் தொண்ணூற்றிரண்டு என்கிறது, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, பள்ளிக் கேண்டீனிலிருந்து நேரே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், இன்னும் சம்பல் வாசனை, ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை, அப்பா லாரியோடு குவாந்தான் பக்கம் இருக்கிறார், சாயங்காலம்தான் ஈப்போ வந்து சேர்வார், நான் மட்டும்தான்.

மைலோ டின். சீட்டுகளை மைலோ டின்னில் போட்டுத்தான் குலுக்கினார்கள், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான சொற்போர், இறுதிச் சுற்று, தலைப்பு, பாரம்பரிய மருத்துவமே நமக்குப் போதுமானது, ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்பதைச் சீட்டுதான் சொல்லும், நான் கைவிட்டு எடுத்தேன், ஒட்டி. என்னோடு பேசும் துவாரகேஷ், சட்டம் படிக்கிறவன், எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான், "போச்சு, மருந்து படிக்கிற பிள்ளைய மருந்துக்கு எதிராப் பேச விட்டுட்டானுங்க, ஆனா பயமில்ல லா, எந்தச் சீட்டு வந்தாலும் அதான் சத்தியம்னு நீ அடிச்சு விட்ருவ." அடித்து விட்டேன். எல்லாரும் மஞ்சள், துளசி, நிலவேம்பு என்று வருவார்கள், எதிரணி அதற்குத்தான் பதில் தயாரித்து வைத்திருக்கும், நாம் அவர்கள் எதிர்பார்க்காத கதவு வழியாக நுழைவோம், சீன மருந்துக் கடை வழியாக, ஆரஞ்சுத் தோல் வழியாக என்று சொன்னது நான்தான், என் யோசனை, அன்றைக்கு நூலகத்தில் ஒரே பிற்பகலில் தோண்டி எடுத்தேன், காயவைத்து ஆண்டுக்கணக்கில் பழசாகவிட்ட தோல், சளிக்கும் இளைப்புக்கும் சீனர்கள் நூற்றாண்டுகளாக அவித்துக் குடிக்கும் தோல், அதற்குள் ஹெஸ்பெரிடின், அதற்குள் நோபிலெட்டின், அவை மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பதாக ஆய்வுகள். ஆய்வுகள் என்றுதான் மேடையில் சொன்னேன். எலிகளில் நடந்த ஆய்வுகள் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன், எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எலிகளில் நடந்த என்ற இரண்டு சொற்களையும் அடித்தேன், ஏழு நிமிடம்தான் கொடுப்பார்கள், இரண்டு சொல் மிச்சம், தாளம் கெடுகிறது, எலி என்றதும் கூட்டம் சிரிக்கும். முட்டை வெள்ளைக்கருப் புரதத்தைச் செலுத்தி வேண்டுமென்றே இளைப்பு வரவழைத்த எலிகள் அவை, தோலை அவித்த தண்ணீர் இல்லை அது, தோலிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தமாக்கிய ஒரே ஒரு பொருள், அதை எலியின் எடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள், அந்த அளவை அம்மாவின் எடைக்குக் கொண்டுவந்தால் ஒரு நாளைக்கு எத்தனை குடம் அவித்துக் குடிக்க வேண்டும், நாளைக்கே அதிலிருந்து நல்ல மருந்து வரலாம், வரட்டும், வராமலும் போகலாம், எல்லாக் கட்டுரையும் கடைசிப் பத்தியில் அதைத்தான் ஒழுங்காகச் சொல்லியிருந்தது, நான் கடைசிப் பத்திகளுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். பொய் சொல்லவில்லை. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, வேண்டுமானால் பதிவைப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து வையுங்கள், என்னால் நிரூபிக்க முடியும், யாரிடம் நிரூபிக்கிறேன், இந்தக் கிளிப்பிடமா, தொண்ணூற்றொன்று என்கிறதே அதனிடமா. அப்புறம் முத்தாய்ப்பு. முத்தாய்ப்பு இல்லாமல் நான் இறங்குவேனா. "இதோ இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாரே இந்திராணி, என்னைப் பெற்றவர், பதினெட்டு ஆண்டுகளாக இன்ஹேலர் அடிக்கிறார், குணமாகிவிட்டாரா, கேளுங்கள், இன்ஹேலர் அவரைக் குணப்படுத்தவில்லை, அவரை வாடிக்கையாளராக வைத்திருக்கிறது!" அந்தக் கைதட்டல். நடுவரே பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். மொத்த மண்டபமும் திரும்பி அம்மாவைப் பார்த்தது, அம்மா வெட்கப்பட்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள், சிறந்த பேச்சாளர் சுழற்கிண்ணம் இப்போது வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிமேல் இருக்கிறது, பதினெட்டு வருடமாக அவளைச் சாகவிடாமல் வைத்திருந்ததை வாடிக்கையாளர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன், அந்தச் சொல் குளிக்கும்போது தோன்றியது, தோன்றியதும் ஈரக் கையோடு ஓடிவந்து எழுதி வைத்தேன், அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு.

ஆனால் பம்ப்புக்குப் பதிலாக அம்மா அவித்துக் குடிக்கும் அந்தத் தோலை விற்றவன் ஒருவன் இருக்கிறானே, அவனை விட்டுவிடலாமா, பசாருக்குப் பின்னால் அந்த மருந்துக் கடை, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை, கண்ணாடி ஜாடிகளில் கறுத்துச் சுருண்ட தோல், மூன்று வருடத் தோல், ஐந்து வருடத் தோல், பழசாகப் பழசாக விலை ஏறும், எங்கள் அம்மா மாதிரி நாலு பேர் மாட்டினால் போதும், மூச்சுத் திணறுகிறவளிடம் காய்ந்த தோலைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறானே இவனை யார் கேட்பது, சுகாதார அமைச்சுக்கு எழுதுவேன், பெயர் போட்டு எழுதுவேன், முதல் வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது, எனக்கு முதல் வாக்கியங்களுக்கு எப்போதுமே பஞ்சமில்லை. "அந்தக் கடக்காரர்தான உனக்கு இத எப்பிடிக் குடிக்கணும்னு சொல்லிக் குடுத்தாரு?" என்று அம்மாவின் காதோரம் குனிந்து கேட்டேன், கேட்கக் கூடாது, பேச வைக்கக் கூடாது, தெரியும், ஆனாலும் கேட்டேன், எனக்கு வேறு ஒரு குற்றவாளி வேண்டும், உடனே வேண்டும். அம்மா தலையை இடம் வலமாக ஆட்டினாள். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "மொதல்ல... நானே காயப் போட்டேன். தவுக்கே குடுத்த... சீனப் பெருநாள் ஆரஞ்சு." கேண்டீன் முதலாளி தந்த பழங்கள், துணி காயப்போடும் கம்பியில், ஒவ்வொரு தோலாக, கிளிப் மாட்டி. பிப்ரவரியில் வந்தபோது பார்த்தேன், பார்த்துவிட்டு என்ன செய்தேன், படம் எடுத்தேன், துவாரகேஷுக்கு அனுப்பினேன், பார் நம் ரசிகையை என்று எழுதி அனுப்பினேன், அவன் சிரிக்கும் முகம் மூன்று போட்டான். "அப்பறம்... சரியில்லன்னு... பழசு வாங்கப் போனேன். அங்கிள் சோங்... கேட்டாரு, 'தங்கச்சி, யாருக்கு?' எனக்குத்தான், எளப்புன்னேன். 'பம்ப் இருக்கா' ன்னாரு." அம்மா நிறுத்தினாள். புஸ் சத்தம். "நிறுத்திட்டேன்னேன். கோவம் வந்திச்சி அவருக்கு. பொட்டலத்த... திருப்பி வாங்கிட்டாரு. 'இது குடிக்கலாம், பம்ப் கண்டிப்பா அடிக்கணும், ரெண்டும் வேற வேற, பம்ப் இல்லன்னா விக்க மாட்டேன்' னாரு." பிறகு எப்படி விற்றார் என்றேன். அம்மா லேசாகச் சிரித்தாள், மாஸ்க் கன்னத்தில் ஏறி இறங்கியது, மண்டபத்தில் சிரித்த அதே வெட்கச் சிரிப்பு. "அடிக்கிறேன்னு பொய் சொன்னேன். மனசுக்குள்ள... ஒனக்கென்னய்யா தெரியும், எம்பொண்ணு... யூனிவர்சிட்டின்னு நெனச்சிக்கிட்டேன்." பேசாதே அம்மா, போதும், பேசாதே. விற்கிறவன் விற்க மாட்டேன் என்றிருக்கிறான். கடைசிப் பத்தியை அவன் சொல்லியிருக்கிறான், நான் படித்துவிட்டு மடித்து வைத்த கடைசிப் பத்தியை, படிக்காத அவன், இல்லை, படிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும், எனக்கு என்னதான் தெரியும், அமைச்சுக்கு எழுதினால் யார் பெயரைப் போட்டு எழுதுவது, முதல் வாக்கியம் இன்னும் தலைக்குள் தயாராக நிற்கிறது, வெட்கங்கெட்டது, பெயர் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக.

பத்து வாரம் எப்படித் தாங்கினாள், எப்படி என்று எனக்கே தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன், பழுப்பு மருந்தை நிறுத்தினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது, அடக்கி வைத்த வீக்கம் மெல்ல மெல்லத்தான் தலைதூக்கும், அந்த இடைவெளி வாரங்கள் நோயாளியை ஏமாற்றிவிடும், எட்டு மதிப்பெண் வினா, எட்டுக்கு எட்டு. அந்த வாரங்களில் அம்மா கேண்டீனில் எல்லாரிடமும் சொல்லியிருப்பாள், பம்ப் இல்லாமலே நல்லா இருக்கேன் பாருங்க, தோலுத் தண்ணிதான் என்று, உடம்பு பழைய மருந்தின் மிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நன்றி முழுக்கத் தோலுக்குப் போனது. எனக்கு ஏன் கேட்கவில்லை. வாரம் இரண்டு தடவை பேசுகிறேனே, இளைப்பு என்பது காதுக்குத் தெரியும் நோய், சின்ன வயதில் பக்கத்து அறையிலிருந்தே அந்த விசிலைக் கண்டுபிடிப்பேன், எனக்கு ஏன் கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்தேன். அம்மா எழுத மாட்டாள், குரல் பதிவுதான் அனுப்புவாள், ஒன்றன்கீழ் ஒன்றாக நீளமான பச்சைக் கோடுகள், பக்கத்தில் நேரம். ஜனவரி கடைசி, இரண்டு நிமிடம் பத்து விநாடி, அது தவுக்கேயின் மருமகள் சண்டையைப் பற்றி. பிப்ரவரி, ஒரு நிமிடம் நாற்பது. ஒரு நிமிடம் ஐந்து. மார்ச், நாற்பத்தெட்டு விநாடி. முப்பது. இருபத்திரண்டு. பதினொன்று. ஆறு. "சாப்ட்டியா, சரி, வை." போன வாரம் முழுக்கக் குரலே இல்லை, கட்டைவிரல் படம் மட்டும், நல்லா இருக்கியாம்மா, கட்டைவிரல், என்னம்மா பேசவே மாட்டேங்கிற, கட்டைவிரல். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். ஏதோ ஒரு தடவை வார இறுதிக்கு வரவில்லை என்று கோபம், இருக்கட்டும், எவ்வளவு நாள் இருப்பாள் பார்ப்போம் என்று நானும் கட்டைவிரலே திருப்பிப் போட்டேன். விரலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், இரண்டு பத்து, ஒன்று நாற்பது, ஆறு, மேலே போனால் நீள்கிறது, கீழே வந்தால் குறுகுகிறது, மூச்சுக்குழாயின் குறுக்குவெட்டைப் பார்க்காமல் வரைவேன் என்றேனே, இதோ பத்து வாரமாக என் கைக்குள்ளேயே வரைந்து வைத்திருந்தது, பார்த்துக்கொண்டே பார்க்கவில்லை. படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், கம்பி சில்லென்று இருந்தது, அம்மாவின் கையும் சில்லென்றுதான் இருக்கிறது, அவள் என்னைப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போல, மூச்சு முட்டுகிறவள் மூச்சு முட்டாதவளின் முதுகைத் தடவுகிறாள். "ஒண்ணுமில்ல லா... பசி மயக்கமா? சாப்ட்டியா நீ?" சிரிப்பதா அழுவதா. "ஏம்மா அப்பவே எங்கிட்ட கேட்கல? நிறுத்தட்டுமான்னு ஒரு வார்த்த." அம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "வீட்டுல சொல்ல... தயங்குற, அதான் மேடையில சொல்றன்னு... நெனச்சேன். அத்தன பேரு முன்னுக்கு... எம்பேரச் சொல்லி." எனக்காகத்தான் பேசினாய் என்று நினைத்தேன் என்கிறாள். கிண்ணத்துக்காகப் பேசினேன் அம்மா. எதிரணியின் வாயை அடைக்கப் பேசினேன். நீ அங்கே இருந்தாய், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாய், எடுத்துப் பயன்படுத்தினேன்.

புகை மெலிந்துவிட்டது, குப்பியில் இன்னும் கொஞ்சம் பொரிகிறது, இரண்டு நிமிடம் இருக்கலாம், அம்மா திரும்பவும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கண்ணால் சொல்கிறாள், வேண்டாம். டாக்டர் கேட்பார், யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று, மருந்து படிக்கிற மகள் என்று சொன்னால் என் பெயர் கெட்டுவிடும், நாளைக்கு வேலைக்கு வரும்போது இந்த டாக்டரே எங்காவது இருப்பார், அதுதான் அவள் கணக்கு, முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வது போல என்மேல் ஒரு பொய்யை இழுத்து விடுகிறாள். சொல்லாமல் இருந்தால்தான் என்ன என்று ஒருத்தி எனக்குள் எழுந்து நின்று தொண்டையைச் செருமுகிறாள், மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, புகை எப்படியும் வேலை செய்யும், வீட்டுக்குப் போனதும் நானே பம்ப்பைக் கையில் திணிக்கிறேன், நான் சொன்னால் நிறுத்தியவள் நான் சொன்னால் தொடங்க மாட்டாளா, டாக்டருக்கு எதற்கு, அடுத்த வாதம், உட்கார், உட்காரடி, டாக்டர் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார், தினமும் மருந்து எடுத்தும் இவ்வளவு மோசம் என்று நினைக்கிறார், இருக்கும் மருந்து பலிக்கவில்லை என்று வேறு பெரிய மருந்துக்குப் போவார், தப்பான தகவலின்மேல் சரியான வைத்தியம், அது எங்கே போய் முடியும். ஆனால் சொன்னால் அம்மா எதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும், அதை நினைக்க நினைக்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, ஏழு நிமிடம் தாளில்லாமல் பேசுகிற நாக்கு. செருப்புச் சத்தம். டாக்டர் நஜ்வா வந்துவிட்டார், என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுப்பு, முதுகில் குழல் வைத்துக் கேட்டார், இடம் மாற்றிக் கேட்டார், மலாயில் சொன்னார், "இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு, அக்கா. மூணாவது போடுவோம். அந்தப் பழுப்பு மருந்து, தினமும்தானே?" அம்மாவின் தலை அசையத் தொடங்கியது. "இல்ல டாக்டர்," என்றேன். என் மலாய் பள்ளிக்கூட மலாய், அதில் எனக்கு அலங்காரம் வராது, முத்தாய்ப்பு வராது, எழுவாய் பயனிலைதான் வரும். பத்து வாரமாக எடுக்கவில்லை. ஆரஞ்சுத் தோல் அவித்துக் குடிக்கிறார். இன்ஹேலர் வேண்டாம் என்று நான் ஒரு போட்டியில் பேசினேன். அதைக் கேட்டு நிறுத்தினார். நான் பேசியது தவறு. ஐந்து வாக்கியம். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டிலிருந்து கழன்றுகொண்டன. டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம், திட்டினால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். தாளில் எதையோ அடித்து எதையோ எழுதினார். "நல்லவேளை சொன்னீங்க, நான் வேற மாதிரி போக இருந்தேன்," என்றார், ஸ்டீராய்டு மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னார், மூன்றாவது குப்பியை உடைத்தார். அம்மா மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். "தப்புன்னு... அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?" தெரியும்மா என்றேன். "தெரிஞ்சா... அப்பிடிப் பேசுன? கையெல்லாம் ஆட்டி?" போட்டிம்மா அது, எந்தப் பக்கம் கொடுக்கிறார்களோ அந்தப் பக்கம் பேசணும், அதுதான் வழக்கம், எல்லாரும் அப்படித்தான், சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது, நியாயமான வாதம், ஓட்டையே இல்லாத வாதம். அம்மா குறுக்கிடவில்லை. முடியும்வரை கேட்டாள், இரண்டாவது வரிசையில் கேட்டது போல. கோபம் இருக்கும் என்று அவள் முகத்தில் தேடினேன், ஒரு பிடிமானத்துக்காவது, இல்லை, தெரியாத ஆள் பேசுவதை மரியாதைக்குக் கேட்கும் முகம். "சரி. இப்ப... என்ன செய்யணும்ங்கிற?" மெதுவாகச் சொன்னேன், தெனமும் அந்தப் பழுப்பு பம்ப் அடிக்கணும்மா, காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, நல்லா இருந்தாலும் அடிக்கணும், தோலுத் தண்ணி வேணும்னா டீ மாதிரிக் குடி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, பம்ப நிறுத்தவே கூடாது. அடித்துச் சொல்லவில்லை, கையை ஆட்டவில்லை, இதைவிட உண்மையாக நான் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை டாக்டர் பக்கம் திருப்பினாள், நான் சொன்னதை ஒவ்வொன்றாக மலாயில் சொன்னாள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று, மூச்சைப் பிடித்து, காலையில் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, நல்லா இருந்தாலும், எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. "இவ சொல்றா, டாக்டர். இது சரியா?" பல்கலைக்கழகத்திலிருந்து நான் கொண்டுவந்த எந்தச் சொல்லையும் அம்மா இதுவரை யாரிடமும் கேட்டுச் சரிபார்த்ததில்லை. டாக்டர் மாஸ்க்கை வாங்கி அவள் முகத்தில் பொருத்திக்கொண்டே சொன்னார், "சரிதான் அக்கா, எல்லாம் சரி." அம்மா தலையாட்டினாள், அவரைப் பார்த்து.